கடப்பாரைக்கு ஆளில்லை

எழுமலைப் பக்கக் கண்மாய்களில் சீமைக்கருவேலம் ஒழிக்கக் கிளம்பும் தன்னார்வலர்கள் முதலில் ஊன்றுவது பேனரைத்தான். அடுத்து டி-சர்ட், போட்டோ, டீ, வடை. மிச்ச நேரத்தில் இரண்டு கிளை வெட்டுவார்கள்.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றச் சொன்னபோது, அரிவாள் பிடித்தறியாத கைகளெல்லாம் கண்மாயில் இறங்கின. தரைமட்டத்தில் வெட்டினால் கருவேலம் சாகாது. மொட்டை போட்ட பிள்ளைக்கு முடி வளர்வதுபோல அடிக்கட்டையிலிருந்து அடர்ந்து தழைக்கும். வேரோடு தோண்டினால்தான் உண்டு. அதற்கு முதுகு வளைய வேண்டும்.

எதிரணியில் வெள்ளாடுகள். இனிப்பான நெற்றைத் தின்று, புழுக்கையோடு விதையை ஊரெல்லாம் தூவிவிட்டுப் போகின்றன. சான்றிதழ் கேட்பதில்லை, ஸ்டேட்டஸும் வைப்பதில்லை.

மரம் நடும் கோஷ்டி தனி. உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5. நம்மூரில் நம்பிக்கையாக மழை பெய்வதோ ஐப்பசியில். நடுவில் நாலு மாதம் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யாரென்று கேட்டால், வாட்ஸ்அப் குழுவிலிருந்து அட்மினே வெளியேறிவிடுவார்.

அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் ஆளுக்கொரு கடப்பாரை கொண்டுவாருங்கள். கன்று நடுவதென்றால் ஐப்பசி வரைக்கும் பொறுங்கள். அதுவரை முடியாதென்றால் தினம் ஒரு குடம் தண்ணீர் தூக்குங்கள்.