அடி உதவாத இடம்

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று சொல்லிவைத்தவர், மார்கழிக் காலையில் பெங்களூருவில் ஸ்கூட்டர் கிளப்பிப் பார்த்தவராக இருக்க முடியாது. உலகத்து மென்பொருளில் எல்லாம் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற ஊர் இது. எங்கோ கடல் கடந்து ஒரு சர்வர் படுத்துவிட்டால் முதலில் அதன் பதிவேடான லாகைத் திறந்து படிக்கிறார்கள். யாரும் சர்வரை உதைப்பதில்லை. அதே ஆசாமி, வாசலில் மக்கர் பண்ணும் பெட்ரோல் வண்டியை மட்டும் முழங்கால் கழலும்வரை உதைக்கிறார். என் கட்சி இதுதான்: சின்ன இன்ஜினுக்கும் ஒரு லாக் உண்டு. அது ஸ்பார்க் பிளக்கின் முனையில் எழுதியிருக்கிறது. படிப்பதற்கு முன்னால் விழும் ஒவ்வொரு உதையும் தடயத்தைக் கலைக்கிறது.

இன்ஜின் கேட்பது அதிகமில்லை. அளவாகக் கலந்த பெட்ரோலும் காற்றும், அதை நெருக்கக் கம்ப்ரஷன், நேரத்துக்கு ஒரு பொறி. நேற்று ஓடின வண்டிக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கம்ப்ரஷன் போவது அபூர்வம். எனவே சந்தேகம் மற்றவற்றின் மேல்தான். பிளக்கைக் கழற்றினால் பாதி வழக்கு முடிந்தது. நனைந்திருக்கிறதா? பெட்ரோல் வந்து சேர்ந்துவிட்டது. கோளாறு பொறியில், அல்லது உதைத்து உதைத்து நீங்களே ஓவர்ஃப்ளோ ஆக்கிவிட்டீர்கள். காய்ந்திருக்கிறதா? பெட்ரோலே எட்டிப் பார்க்கவில்லை: டேப், ஃபில்டர், மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்த கார்புரேட்டரின் பைலட் ஜெட். சோக் இழுத்தால் ஓடி, விட்டால் அணைந்துபோகும் வண்டியும் பெரும்பாலும் இந்த ஜெட்டின் புண்ணியம்தான். ஊசி நுழையத் தயங்கும் அந்தத் துளையை உதையால் திறந்தவர் யாரும் இல்லை. பிளக் கரி பிடித்து மையாகக் கறுத்திருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பெங்களூருப் புழுதியில் முக்கால்வாசி அங்கேதான் குடியிருக்கும்.

“பஜாஜ் சேத்தக்கை ஒரு பக்கம் சாய்த்தால் கிளம்பியதே, அதற்கு எந்த லாகைப் படித்தோம்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயம். 1972-இல் வந்த அந்த ஸ்கூட்டரைத் தேசமே சாய்த்தது, தேசமே கிளப்பியது. சாய்த்தபோது கார்புரேட்டரிலிருந்து கூடுதல் பெட்ரோல் உள்ளே வழிந்து, குளிர்ந்த இன்ஜினுக்கு வேண்டிய கெட்டிக் கலவை கிடைத்தது. உடம்பை வளைத்துப் போட்ட சோக், அவ்வளவுதான். ஏற்கெனவே நனைந்து கிடக்கும் பிளக்குக்கு அதையே செய்தால், முங்கியவன் தலையில் இன்னொரு குடம் ஊற்றினதாகும். சாய்க்கவேண்டுமா என்பதையும் பிளக்கைத்தான் கேட்கவேண்டும்.

இப்போது புதுக் குற்றவாளி எத்தனால். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் தொடங்கிவைத்ததே பெங்களூருவில், 2023 பிப்ரவரி 6 அன்று. ஆகவே உள்ளூர்க்காரர்களின் கோபத்தில் கொஞ்சம் சொந்தமும் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய வண்டிகளின் ரப்பரையும் பதம் பார்க்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு கணக்கும் உண்டு. எத்தனால் கலவையை நீர்க்கச் செய்கிறது. சுமார் 900 மீட்டர் உயரத்து மெல்லிய காற்றோ கலவையைக் கெட்டியாக்குகிறது. சென்னையில் டியூன் செய்த வண்டிக்கு இந்த ஊரில் இரண்டு வியாதியும் ஒன்றையொன்று கொஞ்சம் சமாதானப்படுத்துகின்றன. சந்தேகம் தீராதவர்கள் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்கலாம். தண்ணீர் மிஞ்சியிருந்தால் அடியில் தனியாக நிற்கும். இல்லையென்றால் எத்தனாலைத் திட்டாதீர்கள்: கழன்றுபோன பிளக் கேப்புக்கு எந்த அரசாங்கமும் பொறுப்பல்ல.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை, இந்தப் பாண்டித்தியம் எதற்கு என்றும் கேட்கலாம். இன்ஜெக்ஷன் வண்டியிலும் பிளக் பிளக்தான். கூடுதலாக ஒரு காதும் வேண்டும்: சாவி திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ‘உய்ய்’ என்று ஒரு நொடி முனக வேண்டும், சத்தமே இல்லையென்றால் பேட்டரியையும் ஃபியூஸையும் பாருங்கள். மெக்கானிக்கிடம் போவதிலும் எனக்கு ஆட்சேபமில்லை. வெறுமனே “ஸ்டார்ட் ஆகல” என்று போய் நின்றால் “கார்ப்ரேட்டரல்லி கச இதெ சார்”, கார்புரேட்டரில் குப்பை என்று கன்னடத்தில் சொல்வார். இன்ஜெக்ஷன் வண்டிக்கும் அதையே சொல்கிறவர்கள் உண்டு. “டேங்க்ல பெட்ரோல் இருக்கு, பிளக் காஞ்சிருக்கு” என்று போனால் பேச்சு வேறு, பில்லும் வேறு. தள்ளிக்கொண்டு கிளம்புமுன் ஹேண்டில்பாரில் இன்ஜினை அணைக்கும் சிவப்பு கில் சுவிட்சையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். பள்ளி விடுமுறையில் தெருப் பையன்களின் கை அதில்தான் விளையாடும்.