அபராதமும் படையும்

மரக் கம்பெனிக்காரர்கள் மந்திரி வீட்டு வாசலில் பழக்கூடையோடு காத்துக் கிடப்பதெல்லாம் சில்லறை வேலை. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனிடம் பாடம் கேட்க வேண்டும்.

1885இல், கணக்கில் காட்டியதைவிட அதிகமாகத் தேக்கு வெட்டியதாகச் சொல்லி, பர்மாவின் திபா மன்னருடைய மந்திரிசபை அந்தக் கம்பெனிக்குச் சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. நம் காலத்து முதலாளி என்றால் கோர்ட்டில் ஸ்டே வாங்கியிருப்பார். கம்பெனியோ ஆங்கில சர்க்காரிடம் முறையிட்டது. மேசைக்கு மேசை கோப்பு நகரும் வழக்கத்தையே மறந்த சர்க்கார், அக்டோபரில் இறுதி எச்சரிக்கையும் நவம்பரில் படையும் அனுப்பியது. (பிரெஞ்சுக்காரன் முந்திவிடுவானோ என்ற பயமும் உண்டு. அதை விட்டுவிடுவோம், தேக்குக்கு மரியாதையாக இருக்கட்டும்.) இரண்டே வாரத்தில் மாண்டலே விழுந்தது. மன்னர் இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். 1886 ஜனவரி முதல் தேதி மேல் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. அபராத ரசீது கிழிக்க அரசாங்கமே இல்லை.

அதே கம்பெனிதான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் மாஞ்சோலைக் காட்டை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அதற்குப் படை தேவைப்படவில்லை. கோர்ட்டுச் செலவில் ஜமீனே நொந்துபோயிருந்ததாகச் சொல்வார்கள்.