இன்னும் கொஞ்ச தூரந்தான்: தம்பதியர் நெடுநடையில் தூரம் குறைத்துரைக்கும் முறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

நீளத்தை அளக்க முழம், காதம், மைல், கிலோமீட்டர் என்று எத்தனையோ அளவைகள் வந்துவிட்டன. ஆனால் கணவனும் மனைவியும் மூட்டை சுமந்து ஊர் ஊராக நடந்து, கண்ட இடத்தில் தங்கிச் செல்லும் பயணத்தில் நடைமுறையில் புழங்குவது ஒரே அளவைதான்: ‘இன்னும் கொஞ்ச தூரந்தான்.’ அளவையியலார் இதை இதுவரை பொருட்படுத்தவில்லை. மீட்டருக்குப் பாரிசில் மூலப்படி செய்து காத்தவர்கள் இதற்கு ஒரு துண்டுக் கயிறுகூட ஒதுக்கவில்லை. இந்த அளவை சோம்பலாலோ அறியாமையாலோ பிறந்ததன்று என்பதும், வழி தெரிந்தவர் மீதித் தூரத்தை முழுதாகச் சொல்லாமல் விடுவதாலேயே தம்பதியர் ஊர் போய்ச் சேர்கிறார்கள் என்பதும் இவ்வாராய்ச்சியின் துணிபு.

தலையாய சான்று சிலப்பதிகாரம். விடியுமுன் புகாரை விட்டுக் கிளம்பிய கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகள் இருந்த சோலைப்பள்ளியை நெருங்கும்போது, நடந்து பழகாத கண்ணகி இடை நொந்து, மூச்சு வாங்கி, மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். நடந்திருப்பது ஒரு காதம். கோவலன் முப்பது காதம் என்று சொல்லவில்லை. ஆறையும் ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லி, பக்கந்தான் என்று சிரிக்கிறான். கணக்கு வந்தவர்கள் பெருக்கிக்கொள்ளலாம். கால் வலிப்பவர்கள் ஆறோ ஐந்தோ என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே வியக்கத்தக்கது, அவன் பொய்யே சொல்லவில்லை என்பது. காவிரிக் கரையோடு திருச்சிராப்பள்ளிவரை வந்து தெற்கே திரும்பினால் பூம்புகாரிலிருந்து மதுரை இன்றைய சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். முப்பதால் வகுத்தால் காதம் பத்துக் கிலோமீட்டர் என்று ஒழுங்காக வருகிறது. வணிகர் வீட்டுப் பிள்ளை, எண் தவறவில்லை. தொகையைச் சொல்லாமல் காரணிகளைச் சொன்னான், அவ்வளவே. கேட்டவள் பங்குக்குக் குறைந்தது, சொன்னவன் பங்குக்கு மெய். இதைக் ‘கோவலன் முறை’ என்று வழங்கலாம். பயணம் மதுரையில் எப்படி முடிந்தது தெரியாதா என்று இங்கே எவரேனும் குறுக்கிடுவார்கள். அது சிலம்பு விற்கப் போனதன் விளைவு. நடையைப் பொறுத்தவரை இருவரும் பத்திரமாகச் சேர்ந்தார்கள்.

இது சோழநாட்டுப் பழக்கம் மட்டுமோ என்ற ஐயத்தைத் துளசிதாசர் தீர்க்கிறார். அவருடைய கவிதாவளியில் சீதை அயோத்தியை விட்டு வெளியே வந்து இரண்டடி வைத்ததுமே நெற்றி வியர்த்து, உதடு உலர்ந்து, இன்னும் எவ்வளவு நடக்க வேண்டும், இலைக்குடிலை எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்கிறாள். பாதையாளர் ஒருவர் கேட்கக்கூடிய இரண்டே கேள்விகள் இவை. கூடாரம் எங்கே என்பதே இரண்டாவது. இராமன் எண் எதுவும் சொல்லவில்லை. கண்ணீர் விடுகிறான். பதினான்கு ஆண்டு என்று தெரிந்தவன் காத எண்ணிக்கையை எப்படிச் சொல்வான்? பிறகு சீதையே, தண்ணீருக்குப் போன இலக்குவன் வரட்டும், நிழலில் நிற்போம் என்று சாக்குச் சொல்ல, இராமன் அவள் களைப்பை உணர்ந்து நெடுநேரம் உட்கார்ந்து காலில் முள் எடுக்கிறான். எடுத்த முள் எத்தனை, எடுத்ததாகக் காட்டியது எத்தனை என்பது தனி ஆய்வுக்குரியது. நமக்கு வேண்டியது இதுதான்: ஒருவன் பாதி எண் சொன்னான், மற்றவன் எண்ணே சொல்லவில்லை. முழு எண்ணை இருவரும் வாயில் எடுக்கவில்லை.

கைப்பேசி வந்தபின் இக்கொள்கை செல்லாது, இருவர் திரையிலும் ஒரே கிலோமீட்டர்தானே தெரிகிறது என்பது வலுவான மறுப்பு. ஆனால் கிலோமீட்டர் என்பது தட்டையான உண்மை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாதையை எடுத்துக்கொள்வோம். மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல். தம்பதியர் கூடாரம் சுமந்து நடப்பதற்குப் பேர்போனது. ஒவ்வொரு சிறு விரிகுடாவுக்கும் பாதை இறங்கி ஏறுவதால் மொத்த ஏற்றம் சுமார் 35,000 மீட்டர், எவரெஸ்டின் உயரத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. எதிர்க்கரை ஊரின் தேநீர்க் கடை கண்ணுக்குத் தெரியும், கால் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-லேயே இதற்கு விதி வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதன்மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி. அந்தக் கணக்குப்படி நாளுக்கு எட்டு மணி நடந்தால் முழுப் பாதையும் ஐந்து வாரத்துக்குள் முடிய வேண்டும். பெரும்பாலோருக்கு ஏழெட்டு வாரம் ஆகிறது. ஆகையால் ‘இன்னும் மூன்று கிலோமீட்டர்தான்’ என்று திரையைப் பார்த்துச் சொல்பவர், ஏற்றத்தைச் சொல்லாமல் விட்டு, கோவலன் முறையையே மின்சாரத்தில் கையாள்கிறார். இவ்வழக்கம் கூடாரத் தொழிலையும் தொற்றியிருக்கிறது. இருவர் கூடாரம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் நாலேகால் அடி அகலத்தை ஒட்டியது. அதில் ஒருவர் புரள மற்றவர் அனுமதி தர வேண்டும்.

எதிர்நிலைச் சோதனையும் நடந்திருக்கிறது. 1988-இல் மரீனா அப்ரமோவிச், உலாய் என்ற கலைஞர் இணையர் சீனப் பெருஞ்சுவரின் இரு கோடிகளிலிருந்து எதிரெதிராக 90 நாள் நடந்து நடுவில் சந்தித்தார்கள். தொடக்கத்தில் அது திருமணத் திட்டம். சந்தித்தபோது பிரிவுச் சடங்காகியிருந்தது. உறவு முன்பே கசந்திருந்தது என்பார்கள் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள். இருக்கலாம். ஆயினும் 90 நாளும் ‘இன்னும் கொஞ்ச தூரந்தான்’ என்று சொல்ல இருவருக்கும் பக்கத்தில் மற்றவர் இல்லை என்ற காரணி இதுவரை யாராலும் கருதப்படவில்லை. தனி நடை பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1878-இல் செவென் மலைப்பகுதியில் படுக்கைப் பையோடு நடந்த ஸ்டீவன்சனுக்குத் துணை ஒரு கழுதை. அது தூரம் கேட்கவில்லை, நேராக நின்றுவிட்டது.

கடைசி மறுப்பு அறம் சார்ந்தது: இது ஏமாற்று அல்லவா? ஏமாற்றுக்கு ஏமாறுபவர் ஒருவர் வேண்டும். இலக்குவனைச் சாக்காக்கிய சீதைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெருக்கத் தெரியாதவளாகக் கண்ணகியைக் கருத முடியாது, அவளும் வணிகர் மகள். கேட்பவர் அறிந்தே கேட்கிறார், சொல்பவர் அறிந்தே குறைக்கிறார். எனவே நெடுநடைக்குக் கிளம்பும் தம்பதியருக்கு ஒரு வேண்டுகோள்: வழிகாட்டும் செயலியை இரண்டு கைப்பேசிகளில் ஒன்றிலிருந்து புறப்படுமுன் நீக்கிவிடுங்கள். எதிலிருந்து என்பதை மட்டும் ஊர் எல்லைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.