செத்து எழுபது வருசம் ஆச்சா?

இரத்தோட்டைக் கடைத்தெருவில் விலையில்லாத பொருள் என்று ஒன்று கிடையாது. மிளகு, கராம்பு, ஏலம், சாதிக்காய், அந்தச் சாதிக்காயைச் சுற்றியிருக்கிற வசவாசி வரைக்கும் நிறுத்து விற்கிற ஊர் இது. கராம்பு இன்றைக்கு என்ன விலை என்று கேட்காமல் காலைத் தேத்தண்ணி குடிக்கிற ஆள் இங்கே குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் போய், "ஆயிரக்கணக்கான புத்தகம் சும்மா கிடைக்குது, அதுவும் சட்டப்படி" என்று சொன்னேன். பலசரக்குக் கடை முதலாளி தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இதுல யாருக்கு லாபம்?"

"ஒருத்தருக்கும் இல்ல முதலாளி."

"அப்ப அதுல என்னமோ இருக்கு. தொடாதீங்க தம்பி."

அவரைக் குறை சொல்ல முடியாது. உங்கள் நம்பருக்குக் கார் விழுந்திருக்கிறது, வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் அனுப்புங்கள் என்று வாரத்துக்கு ஒரு தடவை யாராவது அவருக்குச் செய்தி அனுப்புகிறார்கள். கார் கொடுக்கிறவனையே நம்பாதவர், கம்பராமாயணம் கொடுக்கிறவனை எப்படி நம்புவார்?

ஆனால், இந்தச் சங்கதியே ஒரு பலசரக்குக் கடையில்தான் தொடங்கியது என்று சொன்னதும் தராசு நின்றது. 1971 ஜூலை 4. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஹார்ட் என்று ஒரு மாணவர். பல்கலைக்கழகத்துப் பெரிய கணினியில் தட்டிக்கொண்டிருக்க அவருக்கு நிறைய நேரம் கொடுத்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு அவர்களுடைய சுதந்திர தினம். சாமான் வாங்கிய கடையில் பையோடு சேர்த்து சுதந்திரப் பிரகடனத்தின் அச்சுப் பிரதி ஒன்றை இனாமாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து வைத்துத் தட்டினார். புரொஜெக்ட் குட்டன்பேர்க் அப்படித்தான் பிறந்தது. 2011இல் சாகும் வரைக்கும் மனுசன் அதை விடவில்லை.

"கடைக்காரன் சும்மாவா குடுத்தான்?" என்றார் முதலாளி. அவருக்கு மற்றதெல்லாம் முக்கியமில்லை.

தமிழுக்கு அந்தக் கிறுக்கு 1998 தைப்பொங்கலன்று பிடித்தது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகத்தின் மூலைமுடுக்கில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து திருக்குறளையும் திருவாசகத்தையும் எழுத்தெழுத்தாகத் தட்டிப் போட்டார்கள். சம்பளம் கொடுத்தாலே மூன்று நாளில் நின்றுவிடுகிற வேலை இது.

இனி, இந்த இலவசத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரே நிபந்தனை. எழுதியவர் செத்திருக்க வேண்டும். செத்தால் மட்டும் போதாது, செத்து நாளாகியிருக்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுபது வருசம். இந்தியாவில் அறுபது. ஆகவே இலவசப் புத்தகம் தேடுகிறவனுக்குக் கொஞ்ச நாளில் ஒரு புத்தி வந்துவிடுகிறது. நூலின் பெயரைப் பார்க்க மாட்டான், பிறந்த ஆண்டைப் பார்க்க மாட்டான். வானொலியில் மரண அறிவித்தல் கேட்கிற கிழவரைப் போல நேரே மறைவுத் திகதிக்குப் போவான். உ.வே. சாமிநாதையர், 1942: நல்லது. புதுமைப்பித்தன், 1948: பாவம், நாற்பத்திரண்டு வயது, ஆனாலும் நல்லது. அப்புறம் நம்முடைய கண்டிக்காரர் சித்திலெப்பை. 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதிவிட்டு, எந்தச் சட்டத்துக்கும் எட்டாதபடி 1898இலேயே போய்ச் சேர்ந்துவிட்ட உத்தமர்.

கல்கி 1954 டிசம்பரில் காலமானார். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசு அவர் எழுத்தை நாட்டுடைமையாக்கி நெடுங்காலமாகிறது. 1949இல் பாரதியிடமிருந்து தொடங்கிய நல்ல பழக்கம் அது. அரசாங்கம் எழுத்தாளனின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து ஊருக்கு எழுத்தைக் கொடுக்கிறது. இந்தப் பக்கத்துச் சட்டத்தின் எழுபதைக் கூட்டினால் 2024 டிசம்பர் வருகிறது. வந்தியத்தேவன் பூங்குழலியின் படகில் ஒரே இராத்திரியில் பாக்கு நீரிணையைக் கடந்தான். அவனை எழுதியவரின் காப்புரிமைக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாயி, "ஏண்டா, நல்ல மனுசனெல்லாம் எப்ப சாவான்னு பாத்துக்கிட்டு இருக்குறதா உன் வேல?" என்றாள். பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை.

எங்களுக்குப் புத்தகம் இறங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ரிவர்ஸ்டன் உச்சியில் கோபுரம் வானளாவ நிற்கிறது. அதன் அடிவாரத்தில் இருக்கிற எங்கள் லயத்தில் மட்டும் சிக்னல் வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது. ஆனால் மின்னூலுக்கு இது பெரிய தடையில்லை. டவுனுக்குப் போகிறபோது இறக்கிக்கொண்டால் மலைக்கு வந்து சிக்னலே இல்லாமல் படிக்கலாம். பாட்டுக்கும் படத்துக்கும் அழுகிற டேட்டாவோடு பார்த்தால், ஒரு முழு நாவலுக்கு ஆகிறது தூசு. 2022இல் நாட்டில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப் போனது. சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சடிக்காமல் நிறுத்தின. அப்போது எங்கள் வீட்டில் மட்டும் புதுப் புத்தகம் வந்தபடி இருந்தது. என்ன, அந்த மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. கடதாசி இல்லாத புத்தகத்துக்கும் ஏதோ ஒன்று இல்லாமல்தான் போகும்.

தட்டச்சுச் செய்த நூல் ஒரு வகை. பழைய அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டது இன்னொரு வகை. இரண்டாவதில்தான் எனக்குச் சுவை. அந்துப்பூச்சி போட்ட பாதை தெரியும். எந்தக் காலத்திலோ ஒருவர் ஓரத்தில் பென்சிலால் "பொய்" என்று எழுதியிருப்பார். சில பக்கத்தில் படம் பிடித்தவரின் கட்டைவிரல் தெரியும். தம்பி மகன் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதுல லை எழுத்துக்குத் தும்பிக்க மொளச்சிருக்கு" என்றான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய தமிழை அவன் அதுவரை கண்டதில்லை.

இலங்கைத் தமிழ் எழுத்துக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. புத்தகத்தோடு நிற்காமல் சஞ்சிகை, பாடசாலை மலர், கோயில் மலர், செத்தவீட்டு நினைவு மலர் வரைக்கும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைப் பார்த்த சனம் எதையும் ஒரே கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டாது. எங்கள் மாவட்டத்துக்கும் அந்த அனுபவம் பழையது. மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில்தான், அதுவரை வாயால் ஓதிக் காப்பாற்றிய திரிபிடகத்தைப் பிக்குமார் முதன்முதலாக ஓலையில் எழுதினார்கள். கிறிஸ்துவுக்கு முந்திய கடைசி நூற்றாண்டு அது. பஞ்சமும் படையெடுப்புமாகக் கிடந்த காலம், மனப்பாடம் செய்தவர் செத்தால் நூலும் செத்துப்போகுமே என்ற பயம். இப்போது எழுதினதையெல்லாம் மறுபடி வாயால் படித்துக் காற்றில் விடுகிறோம்.

அந்த வேலைக்கும் ஓர் ஆள் கிளம்பினார். 2005இல் கனடாவின் மொன்றியலில் ஹியூ மக்குவாயர் தொடங்கிய லிப்ரிவொக்ஸில் யாரும் படிக்கலாம், குரல்வளம் பார்ப்பதில்லை. ஓர் அத்தியாயம் ஓய்வுபெற்ற ஆசிரியர் மாதிரி ஒலிக்கும். அடுத்தது தடிமன் பிடித்தவர். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இது பொதுவுடைமைப் பதிவு என்று அறிவிப்பார்கள். அம்மாயிக்கு அறிவிப்பு எந்தப் பாஷையில் வந்தாலும் ஒரே மறுமொழிதான்: "சரி, கதைக்கு வா."

அதில் தமிழ்ப் பதிவுகள் கொஞ்சம்தான். முடிந்த பிறகு போனிலேயே இருக்கிற வாசிக்கும் வசதியைப் பிடித்தோம். தட்டச்சுச் செய்த நூலைக் கொடுத்தால் இயந்திரம் படித்துக்கொண்டே போகும். நிறுத்தக் குறியைப் பார்த்தால் மூச்சு விடும். இல்லாத இடத்தில் விடாது. அதன் ஒரே கெட்ட பழக்கம், பக்க எண்ணை வசனத்தோடு சேர்த்துப் படிப்பது. கதாநாயகி கணவனின் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் குற்றமற்றவள் சுவாமி, நாற்பத்தேழு, என்னைக் கைவிடாதீர்கள்" என்று கதறுவாள். முதல் வாரம் சிரித்தார்கள். பிறகு லயத்துப் பொம்பிளைகள், "நேத்து அறுபத்திரண்டோட நிப்பாட்டினோம்" என்று அதையே அடையாளம் வைத்துக்கொண்டார்கள்.

ஒலிபெருக்கி பால்மா டின். போனை உள்ளே நிறுத்திவிட்டால் நான்கு காம்பராவுக்குக் கேட்கும். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் அந்த டின்னுக்குள்ளிருந்துதான் இங்கே துப்பறிந்தார். 1942இல் போன அந்த ஐயங்காருக்கு இத்தனை வருசம் கழித்து இரத்தோட்டை மலையில் இவ்வளவு அபிமானிகள் கிடைப்பார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்? அவருடைய வர்ணனை வரும்போது எழுந்துபோய் ரொட்டி சுட்டுவிட்டு வரலாம், கதை அதே இடத்தில் நிற்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேலை செய்துகொண்டே கேட்கிறவர்களுக்கு இறுக்கமாக எழுதுகிறவர் தோதுப்பட மாட்டார்.

ஒரு நாள் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை வைத்தேன். வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து படுகிற பாடு. டின்னைச் சுற்றிப் பேச்சு நின்றுவிட்டது. பக்க எண் வந்தபோதும் யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் அம்மாயி கேட்டாள்:

"எழுதுன ஆளு எந்தத் தோட்டம்?"

"தோட்டமில்ல அம்மாயி. திருநெல்வேலிப் பக்கம். பத்திரிகையில வேல பாத்தவரு."

"கேட்டுக் கேட்டு எழுதியிருக்கான். பரவால்ல. அந்த ஆளு செத்துத்தான் இது நமக்கு வந்துச்சா?"

"ஆமா."

"சாகாம இருந்திருந்தா காசு குடுத்தே கேட்டிருக்கலாம்."

அம்மாயி இப்படிக் கேட்கிறாள். என் மச்சான் வேறு ரகம். இறக்குவதோடு சரி. கண்ணில் படுகிற இலவச நூலெல்லாம் அவர் போனுக்குள் போகும், ஒன்றும் வெளியே வராது. சிங்காரவேலு முதலியார் 1910இல் வெளியிட்ட 'அபிதான சிந்தாமணி' என்ற மாபெரும் கலைக்களஞ்சியத்துக்கு இடம் போதாமல், கொழுந்தியாவின் சடங்குப் போட்டோக்களை அழித்தார். அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பது குடும்ப விஷயம். அகத்தியரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "இருக்கு, என்கிட்ட இருக்கு" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டுகிறார்.

இப்படி இருக்கும்போது ஊர்க் கவிஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சொந்தக் காசில் அச்சடித்த தொகுதி கட்டுக்கட்டாக அவர் கட்டிலுக்கடியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, என்னோடதயும் அதுல ஏத்தலாமா?"

"சட்டப்படி பாத்தா நீங்க மறைஞ்சு எழுபது வருசம் ஆவணும் ஐயா."

அவர் மனைவி பக்கத்தில் நின்றார். "எழுபது வருசமா அந்தக் கட்டு கட்டிலுக்கடியிலதான் கெடக்கணுமா?"

வேறு வழியும் உண்டு என்று விளக்கினேன். எழுதியவரே மனமுவந்து, யாரும் படிக்கலாம், பகிரலாம் என்று உரிமம் எழுதிக் கொடுத்தால் போதும். தமிழ்நாட்டில் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் நண்பர்கள் உயிரோடிருக்கிற எழுத்தாளர்களிடம் அப்படி அனுமதி வாங்கித்தான் வெளியிடுகிறார்கள்.

"அப்ப சாக வேணாமா?" என்றார் கவிஞர். முகம் தெளிந்தது.

"வேணாம் ஐயா."

அச்சகத்திலிருந்து கோப்பை வாங்கி வந்து கொடுத்தார். ஊரார் முன்னால் முதலில் கேட்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். அன்று மாலை பால்மா டின் முற்றத்துக்கு வந்தது. புதுக்கவிதை. இயந்திரம் தன் பாட்டில் படித்தது. "மௌனம், உடைந்த கிளை, இருபத்தாறு, நீ வரவில்லை." கவிஞருக்கு வேர்த்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தேன், ஒருவரும் வித்தியாசம் கண்டதாகத் தெரியவில்லை.

முடிந்ததும் எல்லோரும் அம்மாயியைப் பார்த்தார்கள்.

"எல்லாம் வெளங்கல தம்பி," என்றாள் அவரைப் பார்த்து. "ஆனா நடுவுல இருவத்தாறுன்னு ஒரு வரி போட்டிருக்கீங்களே, அது நல்லாருந்துச்சு."