ஆப்ஷன் மாமா

கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் நாலு தெருவுக்கு ஒருவர் இருப்பார். டல்ஹௌசியில் ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கையில் துணிப்பை, பைக்குள் கொத்தவரங்காய். "ஜங்க் மெயில் தொல்லை தாங்கலை" என்று யாராவது முனகியது காதில் விழுந்தால் போதும், காய்கறியோடு நேரே அந்த வீட்டுக்குப் போய்விடுவார். எங்கள் வட்டாரத்து மாதிரிக்கு நாங்கள் வைத்த பெயர் ஆப்ஷன் மாமா.

மென்பொருளும் கல்கத்தாவும் மாமாவுக்கு ஒன்றுதான். இங்கே தெருப் பெயர்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஜனங்கள் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். லான்ஸ்டவுன் ரோடு சரத் போஸ் ரோடு ஆனது. அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் ஹாரிங்டன் தெருவுக்கு, வியட்நாம் போர் நடக்கும்போதே ஹோ சி மின் பெயரைச் சூட்டிய குசும்புக்கார ஊர் இது. "அவுட்லுக்கும் அப்படித்தான்டா" என்பார். 2007 பதிப்பு வரை 'ஆக்‌ஷன்ஸ்' மெனுவில் குடியிருந்த ஜங்க் ஆப்ஷன், 2010இல் சொல்லாமல் கொள்ளாமல் 'ஹோம்' பட்டையில் 'டெலிட்' பகுதிக்குக் குடிபோய்விட்டது. "நல்ல லெட்டரைக் காப்பாத்தற வழியை எவனாவது டெலிட்டுக்குள்ள வெப்பானோ?"

மாடி வீட்டு வங்காளப் பேராசிரியர் வைத்திருப்பது தண்டர்பேர்ட். அதில் மெனு பட்டையே கண்ணில் படாது. ஆல்ட் பொத்தானை ஒரு தட்டு தட்டினால்தான் எட்டிப் பார்க்கும். தட்டிவிட்டு, "தேகுன்!" (பாருங்கள்!) என்று மாமா ஒதுங்கி நின்றபோது, சன்னதித் திரையை விலக்கிய அர்ச்சகர் கெட்டார். அதில் இன்னொரு வேலையும் உண்டு: எது குப்பை, எது நல்லது என்று நாமே குறித்துக் குறித்துப் பழக்க வேண்டும். ஒரே நாளில் புத்தி வராதா என்று பேராசிரியர் கேட்டார். "பொடி போட்ட உடனே டிகாக்‌ஷன் இறங்கிடுமா?" என்றார் மாமா, தமிழிலேயே.

எங்கள் வீட்டில் காபி வரும்வரை சரித்திரம். 1978 மே 3ஆம் தேதி, டிஇசி கம்பெனியின் கேரி தூர்க் என்பவர் கம்ப்யூட்டர் விளம்பரத்தைச் சுமார் 400 பேருக்கு ஒரே அடியாக அனுப்பினாராம். குப்பை அஞ்சலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. "அப்ப எங்க ஆபீஸ்ல நாலாவது கார்பன் காப்பிலயே எழுத்து விழாது" என்று பெருமூச்சு விட்டார். பொறாமையோ என்னவோ.

அழைப்பு மணி அடித்தது. பூஜைச் சந்தாவுக்குப் பேட்டை கிளப் பையன்கள். ஆயிரம் குப்பைக் கடிதத்துக்கு அஞ்சாத மாமா, ரசீதுப் புத்தகத்தைக் கண்டதும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

திரும்பி வந்து என் அவுட்லுக்கைத் திறந்தார். "லோன்னா திருடனை மட்டும் நிறுத்தும். ஹைன்னா முழி சரியில்லாதவனையும் நிறுத்தும். கடைசில இருக்கே, சேஃப் லிஸ்ட்ஸ் ஒன்லி, நாம எழுதிக் குடுத்த பேரைத் தவிர பகவானே வந்தாலும் வாசல்லதான்." எனக்கு அந்தக் கடைசியையே போட்டுக் கொடுத்தார்.

பதினைந்து நாள் பரம நிம்மதி. பதினாறாம் நாள் சம்பந்தி ஃபோன்: "வளைகாப்புக்கு அழைச்சா ஒரு வரி பதில் கூடவா போடப்படாது?" தேடினால், நைஜீரிய இளவரசருக்கும் முடி வளர்க்கும் தைலத்துக்கும் நடுவில் அழைப்பிதழ். மாமாவிடம் முறையிட்டேன். "சம்பந்தி பேரை லிஸ்ட்ல சேக்காதது யார் தப்பு?" என்றார். அதையும் என் மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டார்.

போன வாரம் என் கணினியில் புது அவுட்லுக் வந்து உட்கார்ந்துகொண்டது. மாமா வந்தார். ஹோம் பட்டையைத் துழாவினார், டெலிட் பக்கம் தேடினார், ஜங்க் ஆப்ஷன்ஸ் இருந்த சுவடே இல்லை. மேல் மூலையில் ஒரு பல்சக்கரம் மட்டும் சாதுவாக உட்கார்ந்திருந்தது. மாமாவின் கண்கள் விரிந்தன. மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, பையை என் மனைவியிடம் நீட்டினார்.

"ஏம்மா, இந்தக் கொத்தவரங்காயைக் கொஞ்சம் ஃப்ரிட்ஜில வெச்சுடு. இன்னிக்கு நேரமாகும்போல இருக்கு."