வாழ்க ஆண்டு விழா!

அந்தக் காலத்தில் வெள்ளி விழா கொண்டாட ஒரு படம் 25 வாரம் ஓட வேண்டியிருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. என்ன வீண் உழைப்பு! இன்று மூன்றே நாளில் பெட்டிக்குள் போன படமும் 25 ஆண்டு சும்மா கிடந்தால் போதும். ஹேஷ்டேக், கேக், காமன் டிபி எல்லாம் தேடி வரும். டீசருக்கு ஓராண்டு, ஃபர்ஸ்ட் லுக்குக்கு ஈராண்டு நிறைவு. டீசர் தேதியை அறிவித்த போஸ்டருக்கு இன்னும் விழா எடுக்காததுதான் மனக்குறை.

முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வெளியானது 1931 அக்டோபர் 31. நூற்றாண்டு நெருங்குகிறது. படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனாலென்ன, தேதி பத்திரமாக இருக்கிறதே! விழாக் குழுவுக்கு இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.