காது என்ன நாலு முழ வேட்டியா?

ஏல பேராண்டி, கழனித்தொட்டிக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு என்னத்தடே துழாவுத? இயர்பட்ஸ்ல ஒண்ணு விழுந்துட்டா? அடப்பாவி! செவலை தலைய ஆட்டிக்கிட்டு நிக்கிறதப் பாத்தா, அது வயித்துக்குள்ள பாட்டு ஓடுதோ என்னமோ.

இப்படித் துழாவுனா கிடைக்காது. கலங்கல்ல என்ன தெரியும்? மொதல்ல தண்ணிய எறைச்சு வெளிய ஊத்து. நான் இங்கன திண்ணையில உக்காந்து பேச்சுத்துணைக்கு இருக்கேன்.

ஆறு மாசத்துல இது மூணாவது. ஒண்ணு பஸ் சன்னலுக்கு. ஒண்ணு பம்புசெட்டுத் தொட்டிக்கு. இது மாட்டுக்கு. அடுத்தத எந்தச் சாமிக்கு நேந்திருக்க?

"சாமான் சரியில்ல தாத்தா"ன்னு சொல்லாத. வாங்குன அன்னைக்கே டப்பாவ எங்கிட்டக் குடுத்து, பொடி போட்டு வச்சுக்கோங்கன்னு சொன்னேல்லா? அதுக்குள்ள என்ன கெடந்துச்சு தெரியுமா? சின்னதுல ஒரு சோடி, பெருசுல ஒரு சோடி ரப்பர், பிரிக்காம அப்படியே. நடு அளவ அவனே மாட்டி அனுப்பியிருக்கான். நீயும் அதோடயே அலையுத. நாலு முழ வேட்டின்னா எல்லா இடுப்புக்கும் சேரும். நிக்கிறதும் அவுருறதும் கட்டுறவன் பாடு. காது என்ன வேட்டியா?

நம்ம வீட்டுல வண்டிமாடு நின்ன காலத்துல லாடம் அடிக்கிறவர் வருவார். ஒவ்வொரு தகட்டையும் குளம்புல வச்சுப் பாப்பார், தட்டுவார், வளைப்பார். அதுக்கப்புறந்தான் ஆணி. மாட்டுக் காலுக்கு உள்ள மரியாதை உன் காதுக்கு இல்லையேடே! வலது காதும் இடது காதும் ஒரே அச்சுல வார்த்தது இல்ல. வலதுல நடு ரப்பர், இடதுல பெரிய ரப்பர்னு போட்டா எந்தப் போலீசும் பிடிக்காது.

தண்ணி வடிஞ்சிட்டா? அடியில பாசியா இருக்குமே. தேங்கா நார் அந்தா கெடக்கு. தேச்சுப் பாரு, ஒட்டிக்கிட்டு இருந்தாலும் இருக்கும்.

ரப்பர் சின்னதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கன்னா, பாட்டுல தவில் காணாமப் போயிரும். நாயனம் மட்டும் கீச்சுக்கீச்சுன்னு நிக்கும். காத்து போற சந்து இருந்தா தவில் அது வழியா ஓடிப்போகும். நீ ரப்பர மாத்துவியா? மாட்ட. சத்தத்தக் கூட்டுவ. பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90-க்குப் போனா 4 மணி நேரந்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பத்தக் கூட்டுனா பத்துல ஒரு பங்குதான் மிச்சம். நம்ம ஊரு கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கணக்குப் போடமாட்டான்.

ரப்பர் பெருசாப் போச்சுன்னா அரை மணி நேரத்துல காது கனக்கும், வலிக்கும். காதுக்குழாய் மொத்தமே 2.5 சென்டிமீட்டர் வாக்குல. வாசப்பக்கம் மூணுல ஒரு பங்கு குருத்தெலும்பு. கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். அதுக்கு உள்ள கட்டி எலும்பு, மேல மெல்லிசாத் தோல். வந்த விருந்தாளி திண்ணையில உக்காரணும். அடுப்படிக்குள்ள போய் முட்டிக்கிட்டு நிக்கப்படாது.

மாட்டுறதுக்கும் ஒரு மொறை உண்டு. நீ குத்தூசி மாதிரி நேராக் குத்துத. குழாய் நேரா இல்லடே, வளைஞ்சது. எங்க காலத்துல பள்ளிக்கூடத்துல சேக்க வயசு பாக்குறதுன்னா, ஒரு கைய தலைக்கு மேல வளைச்சு அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொல்லுவாக. தொட்டா ஒண்ணாங்கிளாஸ். நீயும் அப்படித் தொடு. காத மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடி, குழாய் நிமிரும். மறு கையால உள்ள வச்சு லேசாத் திருப்பு. கணக்கு வாத்தியார் கீழ இழுத்துத் திருகுவாரே, அதுக்கு நேர் எதிர்த்திசை.

அடுத்தாப்ல ஒரு முறுக்கக் கடி. தாடை அசையும்போதெல்லாம் குழாயோட வடிவமும் மாறும். முறுக்கு தீர்றவரைக்கும் நின்னா அது உன் அளவு. உங்கப்பனுக்கு எந்த அளவும் சேராது. அவன் வாய் ஓஞ்சாத்தானே!

ரப்பர் நிக்கலைன்னா ஃபோம் வச்சது இருக்கு. விரல்ல உருட்டி ஒடுக்கி, உள்ள விட்டு, அரை நிமிசம் பிடிச்சுக்கிட்டு இரு. அது விரிஞ்சு காதோட வடிவத்துக்கு உக்காந்துக்கும். வேர்வை பட்டுப் பட்டுச் சீக்கிரம் நைஞ்சு போகும், அம்புட்டுத்தான். ஓடுறவனுக்குக் காதச் சுத்தி மாட்டுற கொக்கி நல்லது. கண்ணாடி போட்டவனுக்கு அது பங்காளிச் சண்டை. ரப்பர்ல குரும்பி ஒட்டியிருந்தா வழுக்கும், ரப்பரத் தொடச்சுக்கோ. காதக் குடையாத, குரும்பி இன்னும் உள்ளதான் போகும்.

அந்த மூலையையும் தேச்சியா? நல்லாத் தேய்.

உன் பூட்டி, எங்க ஆத்தா, பாம்படம் போட்டிருந்தா. குனிஞ்சு களையெடுப்பா, பருத்தி எடுப்பா, சண்டைன்னா தெரு அதிரத் தலைய ஆட்டுவா. ஒரு நாளும் கழண்டு விழுந்ததில்ல. உன் காதுல இருக்குறது 5 கிராம், முக்கால் பவுனுக்கும் கொறைவு. அது நிக்க மாட்டேங்குது. ஏன்? சின்னப்பிள்ளையிலயே காதக் குத்தி, ஈயக் குணுக்கத் தொங்கவிட்டு, தொளைய வளத்தாக. நகைக்குத் தக்கன காத வளத்த காலம் அது. உனக்கு அந்தப் பொறுமை இல்ல. காதுக்குத் தக்கன ரப்பராவது மாத்து.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குதியா? இந்தக் காது மெஷினுக்கு அளவெடுக்கும்போது, மாவு மாதிரி ஒண்ணக் காதுக்குள்ள விட்டு, இறுகுனதும் எடுத்து, அந்த அச்சுலதான் வார்த்துக் குடுத்தாக. மேடையில பாடுறவுகளும் இப்படி அச்செடுத்துப் போட்டுக்கிடுதாகளாம். மூணு வருசமாச்சு, தும்முனாலும் அசையாது. இன்னொரு வசதியும் உண்டு. சுச்ச அமத்திட்டா காதுல தக்கை வச்ச மாதிரிதான். காலையில இருந்து உங்க ஆச்சி மூணு தடவ கத்துனாளாம். எனக்கு ஒண்ணும் கேக்கல.

தேச்சு முடிச்சிட்டியா? தொட்டி பளிச்சுன்னு இருக்குடே! சரி, கையக் கழுவிட்டு வந்து இந்தப் பொடி டப்பாவத் தொற. மேலாப்ல பிரிக்காத ரப்பர் ரெண்டு சோடி இருக்கும்; அதுக்குக் கீழ பாரு. காலையிலயே தொட்டிக்கிட்டக் கெடந்துச்சு, எடுத்து வச்சேன்.

மொறைக்காதல. ஆச்சி கத்துனது தொட்டியக் கழுவச் சொல்லித்தான்.